வளையாத கோல்

மேலைநாட்டு இசை அரங்கில் ஏறத்தாழ நூறு கலைஞர்கள் கருவிகளுடன் அமர்ந்திருப்பர். அவர்கள்முன் கருவி ஏதுமின்றிச் சிறு கோலொன்றை ஏந்தி நிற்பவர் இசை நடத்துநர். வயலின் எழுவதும் முரசு அடங்குவதும் அக்கோலின் அசைவுக்கு உட்பட்டவை. அக்கோலால் உலகப்புகழ் பெற்றவர் இத்தாலியரான அர்த்துரோ டோஸ்கனினி.

இளமையும் கல்வியும்

டோஸ்கனினி பார்மா நகரில் 1867 மார்ச் 25 அன்று ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் அந்நகர இசைப்பள்ளியில் சேர்ந்து, செல்லோ என்னும் நரம்புக்கருவியைப் பயின்று, 1885இல் தேர்ச்சி பெற்றார். கிட்டப்பார்வைக் குறையுடைய அவர், இசைக்குறிப்புகளை முழுமையாக மனத்தில் பதித்துக்கொள்ளும் பழக்கமுடையவராக விளங்கினார். அக்குறையே பின்னர் அவருக்கு வலிமையாயிற்று.

எதிர்பாராத வாய்ப்பு

1886இல் இசைநாடகக் குழுவொன்றில் செல்லோ கலைஞராகப் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகருக்குச் சென்றார். அங்கே குழுவின் நடத்துநர் பூசலால் விலகினார். அவருக்கு மாற்றாக வந்தோரை மக்கள் கூச்சலிட்டு விரட்டினர். செய்வதறியாது திகைத்த குழுவினர், பத்தொன்பது வயது டோஸ்கனினியை மேடையேற்றினர். வெர்டி இயற்றிய ‘ஐடா’ இசைநாடகம் முழுவதையும் அவர் நினைவிலிருந்தே நடத்தி முடித்தார். சினந்திருந்த அவை வியந்து போற்றியது.

கலையில் நேர்மை

1898இல் மிலான் நகரின் புகழ்மிக்க லா ஸ்கலா அரங்கின் தலைமை நடத்துநரானார். பாடகர் தம் திறமையைக் காட்டத் தாமாகச் சேர்க்கும் மிகைகளை அவர் ஏற்கவில்லை. இயற்றியவர் எழுதியதே இசைக்கப்பட வேண்டும் என்பது அவரது உறுதி. அவையினர் ஆரவாரித்துக் கேட்டாலும் ஒரு பாடலை மறுமுறை பாடவிட மறுத்தார். ஒத்திகையில் பிழை நேர்ந்தால் கடுஞ்சினம் கொண்டு கோலை முறிப்பதும் உண்டு.

அதிகாரத்தின் முன்

1919இல் முசோலினியின் அணியில் தேர்தலில் நின்ற டோஸ்கனினி, விரைவிலேயே அவ்வியக்கத்தின் கொடுமையை உணர்ந்து எதிர்ப்பாளரானார். 1931 மே மாதம் போலோனா நகர நிகழ்ச்சியில் பாசிசக் கட்சியின் பாடலை இசைக்குமாறு பணிக்கப்பட்டபோது மறுத்தார். அதற்காக அரங்க வாயிலில் முகத்தில் தாக்கப்பட்டார். அவரது கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. அவர் பெரிதும் விரும்பியது வாக்னரின் இசை. எனினும், 1933இல் இட்லரின் யூத ஒடுக்குமுறையைக் கண்டித்து, வாக்னரின் இசை விழா நடைபெறும் பைராய்ட் நகருக்குச் செல்ல மறுத்தார். 1936இல் அகதிகளான யூதக் கலைஞர்கள் இடம்பெற்ற பாலத்தீன இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியை டெல் அவிவ் நகரில் ஊதியம் பெறாமல் நடத்தினார்.

தாயகமும் நிறைவும்

1937 முதல் நியூயார்க்கில் தமக்கென அமைக்கப்பட்ட வானொலி இசைக்குழுவை நடத்தினார். 1943இல் குண்டுவீச்சால் சிதைந்த லா ஸ்கலா அரங்கம் மீண்டும் எழுந்தபோது, 1946 மே 11 அன்று எழுபத்தொன்பது வயதில் தாயகம் திரும்பி முதல் நிகழ்ச்சியை நடத்தினார்.

1954 ஏப்ரல் 4 அன்று நிகழ்ச்சியின் நடுவே, என்றும் தவறாத அவரது நினைவு ஒரு கணம் தடுமாறியது. அதுவே அவரது இறுதி நிகழ்ச்சியாயிற்று. 1957 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் மறைந்த அவரது உடல் மிலானில் அடக்கம் செய்யப்பட்டது.

நூறு கருவிகளை ஒரு கோலால் இணைத்தவர் டோஸ்கனினி. இசைக்குப் பணிந்த அக்கோல் அதிகாரத்திற்கு வளையவில்லை.