பாட் ரேட்டுக்குப் பெயர் தந்த எமில் போடோ

இரண்டாம் வருஷம் லேபில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சீரியல் கேபிளில் ஒரு போர்டை இணைத்து, டெர்மினல் எமுலேட்டரைத் திறந்து, 9600 பாட் என்று செட் பண்ணியிருந்தேன். ஃபைலை சேவ் பண்ணும் பழக்க தோஷம், கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திவிட்டேன். திரை அப்படியே நின்றுவிட்டது! போர்டு போச்சு, காசு கட்டணும் என்று எனக்கு உதறல். பக்கத்து நண்பன் வந்து கன்ட்ரோலும் கியூவும் அழுத்தினான். எழுத்துகள் மடமடவென்று ஓடி வந்தன.

திரையில் தெரியாமல் மெஷினுக்கு உத்தரவு மட்டும் போடும் இந்தக் குறிகளின் பூர்வீகத்தைத் தேடப் போய்த்தான் போடோவைப் பற்றிப் படித்தேன்.

1845-ல் பிரான்ஸில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். படிப்பு ஊர் ஆரம்பப் பள்ளியோடு சரி. 1869-ல் தந்தி இலாகாவில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஒரே கம்பியில் பல ஆபரேட்டர்கள் முறைபோட்டு அனுப்பினால் என்ன என்று யோசித்தார். இலாகா ஊக்கம் கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. டியூட்டி முடிந்த நேரத்தில் சொந்தமாக உழைத்து, 1874-ல் காப்புரிமை பெற்றார்.

மோர்ஸில் ஒரு எழுத்து குட்டை, ஒரு எழுத்து நீளம். போடோவோ எல்லா எழுத்துக்கும் சமமாக ஐந்து துடிப்பு வைத்தார். பியானோ மாதிரி ஐந்து கட்டைகள். இடது கையில் இரண்டு விரல், வலது கையில் மூன்று. ஐந்து கட்டையில் 32 சேர்க்கைதான் வரும். எழுத்து, எண், குறி எல்லாம் எப்படி அடங்கும்? எதையும் அச்சடிக்காத இரண்டு சேர்க்கைகளை ஒதுக்கினார். ஒன்று வந்தால் இனி எண்கள், மற்றது வந்தால் இனி எழுத்துகள். நம் கன்ட்ரோல் குறிகளுக்கு இவை முன்னோடி!

பிறகு 1901 வாக்கில் டொனால்ட் மரே அந்தக் குறியீட்டைத் திருத்தி, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்குப் போ என்ற உத்தரவுகளைச் சேர்த்தார். 1963-ல் ஏழு பிட் ஆஸ்கி வந்தது. அதில் பெரிய எஸ்ஸின் எண் 83. கன்ட்ரோலோடு அழுத்தினால் மேல் இரண்டு பிட்டும் சைபராகி 19 ஆகிறது. அனுப்புவதை நிறுத்து என்று அர்த்தம். கியூ 81, அது 17 ஆகிறது. தொடரு என்று அர்த்தம். மீதி நிற்பது எத்தனை பிட் தெரியுமா? அதே ஐந்து! என் போர்டு சாகவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

1878 பாரிஸ் கண்காட்சியில் போடோவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1903-ல், 57 வயதில் காலமானார். 1926-ல் தந்தி வேகத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சுருக்கி பாட் என்று வைத்தார்கள்.

டிப்ளமாதானே என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. எமுலேட்டரில் 9600 பாட் என்று செட் பண்ணும்போதெல்லாம் அந்த ஆரம்பப் பள்ளிக்காரரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள். திரை நின்றுபோனால் பயப்படாதீர்கள், முதலில் கன்ட்ரோல்-கியூ அழுத்திப் பாருங்கள்!