பிளாரன்ஸ் நகரின் கும்மட்டச் சிற்பி

இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரைக் காணச் செல்வோர் கண்ணில் முதற்கண் படுவது, கூரைகளுக்கெல்லாம் மேலாகச் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் பேராலயக் கும்மட்டமேயாகும். அதனை எழுப்பிய பிலிப்போ புருனெல்லெஸ்கியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அவர் அந்நகரிலேயே 1377-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பத்திரங்கள் எழுதும் அலுவலர். மைந்தரோ பொற்கொல்லர் தொழிலை விரும்பிக் கற்றார். 1401-ல் அந்நகரின் ஞானஸ்நான ஆலயத்திற்கு வெண்கலக் கதவுகள் செய்யப் போட்டி நிகழ்ந்தது. ஆபிரகாம் தம் மகனைப் பலியிட முனைந்த காட்சியை எழுவர் வடித்தனர். வெற்றி கிபெர்ட்டி என்பவர்க்குக் கிடைத்தது. அவ்விருவர் வடித்த தகடுகளும் பார்ஜெல்லோ காட்சிச்சாலையில் இன்றும் இருக்கின்றன. காண்போர் தாமே ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறலாம்.

தோற்றவர் சோர்ந்திலர். உரோமாபுரிக்குச் சென்று, பண்டைக் கட்டடங்களின் இடிபாடுகளை அளந்து ஆராய்ந்தார். அக்கல்வியே பின்னர் அவர்க்குக் கைகொடுத்தது.

பிளாரன்ஸ் பேராலயம் 1296-ல் தொடங்கப்பெற்றது. நூறாண்டு கடந்தும் அதன் நடுவிடம் கூரையின்றி வானம் பார்த்து நின்றது. ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள அவ்விடத்தை மூடுதற்குத் தரையினின்று மரச்சாரம் எழுப்புவது அரிதினும் அரிது. 1418-ல் இதற்கும் போட்டி நிகழ்ந்தது. தாங்குசாரம் இன்றியே கட்டலாம் என்றார் புருனெல்லெஸ்கி. பலர் நகைத்தனர்.

1420-ல் பணி தொடங்கியது. பழைய போட்டியாளராகிய கிபெர்ட்டியும் உடன் மேற்பார்வையாளராக அமர்த்தப்பெற்றார். இருவர்க்கும் ஒரே சம்பளம்! நம்மவர் இதனைப் பொறுத்திருப்பரோ? அவர் பொறுத்தார், நாளடைவில் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கே வந்தது. உள்ளொன்றும் புறமொன்றுமாக இரண்டு ஓடுகளை அமைத்தார். செங்கற்களை மீன்முள் வரிசையிற் பின்னி, அவை சரியாவண்ணம் நிறுத்தினார். பாரம் ஏற்றுதற்கு மாடு பூட்டிய பொறியொன்றும் சமைத்தார். மாடுகள் ஒரே திசையிற் சுற்றியிருக்க, பல்சக்கரத்தை மாற்றிப் பிணைத்த அளவில் பாரம் ஏறும். மீண்டும் மாற்றினால் இறங்கும். என்ஜின் முன்னும் பின்னும் ஓடக் காணும் இரயில்வே குடும்பத்தாராகிய நாம் இதன் அருமையை நன்கு உணரலாம்.

இடையே, 1434-ல், கொத்தர் சங்கத்திற்குச் சந்தா செலுத்தாமைக்காக அவரைச் சிறையிலிட்டனர்! சில நாட்களில் விடுவிக்கப்பெற்றார். சங்கச் சந்தாவின் வலிமை அத்தகையது போலும்.

1436-ல் கும்மட்டம் நிறைவெய்த, போப்பாண்டவரே ஆலயத்தைப் புனிதப்படுத்தினார். கைவிடப்பட்ட குழந்தைகட்காக இவர் வகுத்த இல்லமும் எழில்மிகு வளைவுத் தாழ்வாரத்துடன் இன்றும் அந்நகரில் விளங்குகின்றது. கும்மட்டத்தின் உச்சியில் அமைய வேண்டிய விளக்குமாடத்தின் வேலை 1446-ல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அது முடிந்ததை அவர் கண்டிலர். பேராலயத்தினுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். அக்கல்லறை 1972-ல் அகழ்ந்து கண்டறியப்பெற்றது.

இன்று அங்குச் செல்வோர் 463 படிகளேறி, இரு ஓடுகட்கும் இடையே புகுந்து உச்சியை அடைகின்றனர். அந்தக் கதவுப் போட்டியில் அவர் வென்றிருப்பின், கதவுகளைச் செய்வதிலேயே அவர் வாழ்நாள் கழிந்திருக்கக் கூடும். கிபெர்ட்டிக்கு அப்பணி இருபது ஆண்டுக்கு மேற்பட்டது. தேர்விலோ போட்டியிலோ தோற்று முகம் வாடி நிற்கும் நம் காலனிச் சிறார்க்குப் பெற்றோர் இவ்வரலாற்றைச் சொல்லுக என வேண்டி அமைகின்றோம்.