பனிமலைப் பாதையை அடியெண்ணி அளந்த ஆசிரியர்

பாலிக் புலாவ் வட்டாரத்தில் வாழும் நமக்கு மலை புதிதன்று. விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்று, மலைச்சரிவுகளில் ஏறி இறங்கிப் பால்மரம் சீவிய பாட்டன் பாட்டிமாரின் வழிவந்தோர் நம்மிடையே பலர் உள்ளனர். நம் தீவின் கொடிமலையும் 833 மீட்டர் உயரமுடையதே. ஆயினும் நம் மலைப்பாதைகளில் நாம் அஞ்சுவன மழையும் வழுக்கும் சேறும் அட்டையுமே ஆகும். பனியோ நமக்குப் படத்தில் கண்ட பொருள். அப்பனி மூடிய மலைகளில், காலும் கண்ணும் எண்ணிக்கையுமே துணையாக ஆயிரக்கணக்கான மைல் நடந்த ஒரு பள்ளி ஆசிரியரின் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

அவர் பெயர் நைன் சிங் ராவத். இமயமலையில் குமாவுன் பகுதியைச் சேர்ந்த ஜோஹார் பள்ளத்தாக்கில் 1830 ஆம் ஆண்டு பிறந்தவர். அப்பகுதி இன்று இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ளது. அவர்தம் சிற்றூராகிய மிலம் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்தது. நம் கொடிமலையை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை அடுக்கினாற்போன்ற உயரம்! கோடையில் அவ்வூரார் 17,000 அடிக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்று, தானியம் கொடுத்து உப்பும் கம்பளியும் வாங்கி வருவர். குளிர்காலம் நெருங்கியதும் ஊரையே பூட்டிவிட்டு, ஆடுமாடுகளுடன் தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுவர்.

பனிப்பாதையின் நெறிகளை அம்மக்கள் ஏட்டில் கற்றவரல்லர். கதிரவன் ஏறுமுன் பனி இறுகிக் கல்போல் இருக்கும். அப்பொழுதே கணவாயைக் கடந்துவிட வேண்டும். நண்பகலில் அது இளகிவிட்டால் கால் இடுப்பளவு புதையும். மேலேயுள்ள பனியும் சரிந்து விழும். புதுப்பனி மூடிய இடத்தில் அடியில் பிளவு இருப்பது தெரியாது. ஆதலால் கோலால் குத்திப் பார்த்தே அடி வைத்தல் வேண்டும். நனைந்த காலணியுடன் உறங்கினால் விரல்களை இழக்க நேரும். வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணையே கெடுத்துவிடும். அதனைத் தடுக்க யாக் என்னும் மலை எருதின் மயிரைக் கண்களின்மேல் திரைபோல் தொங்கவிடுவர். மேலே செல்லச் செல்லக் காற்றும் மெலிந்து, தலைவலியும் மூச்சிரைப்பும் வாட்டும். இவற்றையெல்லாம் நைன் சிங் இளமையிலேயே அறிந்திருந்தார்.

1855 முதல் 1857 வரை செருமானிய ஆராய்ச்சியாளர்களான சிலாகின்ட்வைட் உடன்பிறந்தாருடன் மலைகளில் சுற்றி, கருவிகளைக் கையாளக் கற்றார். பின்னர்த் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானார். அக்காலத்தில் திபெத்து வெளிநாட்டாருக்கு மூடப்பட்ட நாடு. நிலப்படத்தில் அப்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. ஆங்கில அரசின் அளவைத்துறையைச் சேர்ந்த கேப்டன் மான்ட்கோமரி என்பவர், மலைமக்களையே பயிற்றி அனுப்ப எண்ணினார். 1863 இல் நைன் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு அழைக்கப்பட்டனர்.

அங்கு அவர் கற்ற முதற்பாடம் நடப்பது! மேடாயினும் பள்ளமாயினும் ஒரே அளவாகக் காலடி வைக்கப் பழகினார்; ஒரு மைலுக்கு 2,000 காலடி. கையில் செபமாலை. அதில் வழக்கமான 108 மணிகளுக்கு மாற்றாக 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினால், ஒரு சுற்று முடியும்போது ஐந்து மைல். செபச் சக்கரத்துள் மந்திரத் தாளுக்குப் பதில் குறிப்புத் தாள்கள். ஊன்றுகோலில் வெப்பமானி. சோழிகளுக்குள் பாதரசம், அதனைக் கிண்ணத்தில் ஊற்றினால் அலையாத கண்ணாடிபோல் நிற்கும், அதன் துணையால் விண்மீனின் உயரத்தை அளக்கலாம்.

மாணவர்களே, பள்ளி வாயிலிலிருந்து ஆயிரம் காலடி எண்ணி நடந்து பாருங்கள். எதிரே நண்பர் ஒருவர் வந்து நலம் வினவினாலே எண்ணிக்கை மறந்துபோகும். நைன் சிங்கோ எவரேனும் நெருங்கினால் செபச் சக்கரத்தைச் சுழற்றி மந்திரம் முணுமுணுக்கத் தொடங்குவார். வழிபாட்டில் இருப்பவரிடம் எவரும் பேச்சுக் கொடார்.

1865 இல் இருவரும் நேபாளம் வழியாகப் புறப்பட்டனர். முதன்முறை எல்லைக் காவலர் திருப்பி அனுப்பினர். மணி சிங் வேறு வழியே பிரிந்து சென்றார். நைன் சிங் வணிகராக மாறுவேடம் பூண்டு திபெத்துக்குள் நுழைந்து, லடாக்கிலிருந்து வந்த வணிகக் கூட்டத்துடன் சேர்ந்துகொண்டார். சாங்போ ஆற்றை ஒட்டிக் கடுங்குளிரில் நடந்து, 1866 சனவரியில் தலைநகர் லாசாவை அடைந்தார்.

அங்கே கையிருப்புக் கரைந்தது. பழைய தொழிலே கைகொடுத்தது. வணிகருக்குக் கணக்குக் கற்பித்து வயிறு வளர்த்தார். இரவில் ஒளிந்து நின்று விண்மீன்களை அளந்தார். நீரைக் கொதிக்கவைத்து ஊரின் உயரத்தையும் கணித்தார். நம் ஊரில் 100 பாகையில் கொதிக்கும் நீர், லாசாவில் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். அவ்வேறுபாடே உயரத்தைக் காட்டும். காசுமீர வணிகர் இருவர் அவர் யாரென்று கண்டுபிடித்தனர். எனினும் காட்டிக்கொடாமல் பணமும் கொடுத்து உதவினர். அனுமதியின்றி நகருக்குள் வந்த ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதைக் கண்டபின், நைன் சிங் வெளியே நடமாடுவதையே குறைத்துக்கொண்டார். ஏப்பிரலில் புறப்பட்டு, மானசரோவர் வழியாக அவ்வாண்டிலேயே இந்தியா திரும்பினார். அவர் எண்ணிய தொலைவு சற்றொப்ப 1,200 மைல். காலடிக் கணக்கில் ஏறக்குறைய 25 இலட்சம்!

1867 இல் திபெத்தின் பொற்சுரங்கங்களைக் கண்டு வந்தார். 1874 சூலையில் லடாக்கின் லே நகரிலிருந்து மீண்டும் புறப்பட்டார். நவம்பரில் லாசாவை அடைந்தும், அடையாளம் தெரிந்துவிடும் என அஞ்சி இரண்டே நாளில் வெளியேறி, குளிர்காலத் தொடக்கத்தில் இமயத்தைக் கடந்தார். தாவாங்கில் தடுத்து வைக்கப்பட்டுப் பல வாரம் காத்திருந்து, 1875 மார்ச்சில் அசாமை அடைந்தார். அதன்பின் அவர் உடல் தேறவில்லை. பனியொளியும் உயரமும் கண்பார்வையைக் கெடுத்திருந்தன.

1877 இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று. அவர் அளந்து தந்த அறிவு ஆங்கில அரசுக்கே உரியதாயிற்று என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. 1904 இல் அவ்வரசின் படை லாசாவுக்குள் நுழைந்தது. திபெத்து மக்கள் அவரை வேற்றரசின் ஒற்றர் என்பர், அதுவும் பொய்யன்று. ஆயினும் எவரும் பார்க்காத இடத்திலும் ஒரு காலடியைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாத நேர்மையை நாம் போற்றுகிறோம்.

இந்திய அஞ்சல்துறை 2004 இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. 1962 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் திபெத்து வணிகம் நின்றுபோனதால், மிலம் ஊரின் வீடுகள் பெரும்பாலும் பாழடைந்தன. கோடையில் மலையேறுவோர் அவ்வழியே பனியாற்றைக் காணச் செல்கின்றனர். குளிர்காலத்தில் இன்றும் அப்பாதை பனியால் மூடப்பட்டு விடுகிறது.