கண் திறந்த வைத்தியர்: ஹொசே ரிசால்

வைத்தியராகப் பயின்று, எழுத்தால் ஒரு தேசத்தின் நினைவில் நிலைத்தவர் ஹொசே ரிசால். பிலிப்பைன்ஸ் மக்கள் தேசிய வீரராகப் போற்றும் இப்பெருமகனின் வாழ்வில் மகளிர் கல்விக்கும் ஓர் இடமுண்டு. ஆதலால் எமது நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

1861 ஜூன் 19 இல் லகுனா மாகாணத்துக் கலம்பாவில் பிறந்தார். தாயார் தியொடோரா அலொன்சோவே அவருக்கு எழுத்தறிவித்த முதல் ஆசிரியை. அந்தத் தாய் பொய்க்குற்றச்சாட்டில் இரண்டரை ஆண்டுகள் சிறையிருந்ததைச் சிறுவயதிலேயே கண்டார். பின்னர் தாயின் பார்வை மங்கியது. மகன் கண் வைத்தியத்தைத் தேர்ந்தார். 1882 இல் ஸ்பெயினுக்குக் கப்பலேறியவர், வழியில் எமது காலியையும் கொழும்பையும் கண்டு சென்றார். மட்ரிட்டில் மருத்துவம் கற்று, பாரிஸிலும் ஹைடல்பேர்க்கிலும் கண் மருத்துவம் பயின்றார். பிற்காலத்தில் ஹொங்கொங்கில் தாயின் கண்ணுக்குத் தாமே சத்திரசிகிச்சை செய்தார்.

1887 இல் பேர்லினில், நண்பர் கொடுத்த பணத்தில், 'நோலி மீ தாங்கரே' நாவலின் 2000 பிரதிகள் அச்சாகின. ஊருக்கு ஒரு பாடசாலை கட்ட முனையும் இளைஞன் இபாராவும், பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கும் தாய் சீசாவும் அந்நாவலில் வருகின்றனர். சொந்த நினைவையே இழந்த சீசாவில் தாய்நாட்டைக் கண்ட வாசகர் பலர். நாட்டின் இழந்த நினைவை மீட்கவென, 1609 இல் வெளிவந்த மோர்காவின் வரலாற்று நூலை இலண்டனில் கையால் பிரதிசெய்து, குறிப்புகளுடன் 1890 இல் பதிப்பித்தார். ஸ்பானியர் வருமுன்னரே தம்மவருக்கு ஒரு நாகரிகம் இருந்தது என்பதே அவர் நாட்ட விரும்பிய உண்மை.

1888 இல் மலோலோஸ் நகரின் இளம்பெண்கள் 20 பேர், ஸ்பானிய மொழி கற்க இரவுப் பாடசாலை வேண்டி ஆளுநரிடம் மனுக் கொடுத்தனர். பங்குக் குருவானவர் எதிர்த்தார், பெண்கள் விடவில்லை. அனுமதி கிடைத்தது. பாடசாலை நீடிக்கவில்லை எனினும், அவர்களைப் பாராட்டி 1889 இல் ரிசால் நீண்ட மடலொன்று எழுதினார். நாவல்களை ஆள்வோரின் ஸ்பானிய மொழியில் எழுதியவர், இப்பெண்களுக்குத் தாய்மொழியாம் தகாலொக்கில் எழுதினார். தாய் சிந்திக்கக் கற்றாலன்றிப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கமாட்டார் என்பதே அம்மடலின் சாரம்.

1891 இல் இரண்டாம் நாவல் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ' வெளியாயிற்று. மறு ஆண்டு டபிடான் என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கும் நோயாளரைப் பார்த்தார், சிறுவர்க்குப் பாடசாலை நடத்தினார், ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். கிளர்ச்சியைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டி, 1896 டிசம்பர் 30 இல் மணிலாவில் அவரைச் சுட்டுக்கொன்றனர். அப்போது வயது 35.

திருச்சபையின் கடும் எதிர்ப்புக்கிடையே, அவர் நாவல்களைப் பாடசாலைகளில் கற்பிக்க வேண்டுமென 1956 இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அந்நாட்டுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அவற்றை மொழிபெயர்ப்பிலேயே படிக்கின்றனர். மொழி மாறியும் நினைவு அழியவில்லை. இனிவரும் எம் தங்கையர், ரிசாலின் பெயரோடு மலோலோஸ் பெண்களையும் சேர்த்தே அறிந்துகொள்வாராக.