பூட்டிய கதவுகளைத் திறக்க வைத்த பெண்: பிரான்சஸ் பேர்க்கின்ஸ்

ஆண்டுதோறும் ஏப்ரல் 28ஆம் திகதி, வேலைத்தலங்களில் உயிரிழந்தவர்களையும் காயமடைந்தவர்களையும் கனடா நினைவுகூருகிறது. ரொக்ஸ்பரோவில் இருந்து விடிய முன்னரே சாப்பாட்டுப் பெட்டியோடு தொழிற்சாலைகளுக்குப் புறப்படும் எம்மவர் பலருக்கு அந்த நாள் வந்து போவதே தெரிவதில்லை. ஆனால் வேலைத்தலத்தில் வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கையும், தள்ளினால் வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவையும், இடைக்கிடை நடக்கும் தீ ஒத்திகையையும் நாம் எல்லோரும் அறிவோம். இவை சட்டமாக வருவதற்குப் பாடுபட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர் பிரான்சஸ் பேர்க்கின்ஸ்.

1880 ஏப்ரல் 10ஆம் திகதி பொஸ்ரனில் பிறந்த அவர், வூஸ்ரர் நகரில் வளர்ந்தார். வசதியான, கட்டுப்பாடான குடும்பம். மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்து 1902இல் பட்டம் பெற்றார். அங்கே பொருளாதார வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவர், மாணவிகளை அயலில் இருந்த ஆலைகளுக்கு அனுப்பி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். ஏழ்மைக்குக் காரணம் சோம்பலும் குடியும் என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது கண் திறந்த அனுபவம். இயந்திரத்தில் ஒரு கை போனால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்பதை அவர் விளங்கிக்கொண்டார்.

சிக்காகோவுக்கு அருகில் ஆசிரியையாக இருந்தபோது, குடியேறிகளுக்கு உதவிய ஹல் ஹவுஸ் இல்லத்தில் தொண்டு செய்தார். பிலடெல்பியாவில், புதிதாக வந்திறங்கும் பெண்களை ஏமாற்றும் தரகர்களுக்கு எதிராக வேலை செய்தார். 1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, நியூயோர்க்கில் நுகர்வோர் சங்கத்தின் செயலாளரானார். பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணித்தியாலமாகக் குறைக்க வேண்டும் என்பதே அப்போது அவருடைய போராட்டம்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. வொஷிங்டன் சதுக்கத்தில் ஒரு நண்பியின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அருகில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய முக்கோணச் சட்டைத் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. யன்னல் விளிம்பில் நின்ற இளம் பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்ததை அவர் தம் கண்ணால் கண்டார். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். உரிமையாளர்கள் இருவரும் அதே ஆண்டு டிசெம்பரில் விடுதலையானார்கள்.

அந்தச் சாவுகளை ஊரார் விதி என்றோ, யாரோ ஒருவரின் கவனக்குறைவு என்றோ பேசிவிட்டுப் போயிருக்கலாம். பேர்க்கின்ஸும் அவரோடு நின்றவர்களும் வேறுவிதமாகக் கேட்டார்கள்: ஒரு சிறு நெருப்பு எப்படி 146 சாவாக மாறியது? வெட்டுத் துணிகள் அகற்றப்படாமல் மேசைக்குக் கீழே குவிந்து கிடந்தன. எட்டாம் மாடியில் பற்றிய தீயைப் பற்றிப் பத்தாம் மாடிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள், ஒன்பதாம் மாடிக்குச் சொல்லவில்லை. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடி மட்டுமே எட்டியது. இதில் எந்தவொரு கண்ணி அறுந்திருந்தாலும் பல உயிர்கள் பிழைத்திருக்கும். இன்று பாதுகாப்புப் பயிற்சிகளில் விபத்து ஆய்வு என்று சொல்லித்தருவதும் இதையே. குற்றவாளியைத் தேடுவதோடு நிற்காமல், எந்த இடத்தில் சங்கிலியை அறுக்கலாம் என்று பார்ப்பது.

நகரில் அமைந்த பாதுகாப்புக் குழுவின் செயலாளராக அவர் பொறுப்பேற்றார். மாநில அரசு ரொபர்ட் வாக்னர், அல் ஸ்மித் ஆகியோரின் தலைமையில் தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. அரசியல்வாதிகள் அறிக்கையை வாசித்து மனம் மாறமாட்டார்கள், நேரில் காண வேண்டும் என்பது அவர் கணிப்பு. இரவு முழுவதும் கயிற்றாலையில் வேலை செய்துவிட்டு விடியற்காலையில் களைத்து வெளியேறும் பெண்களைப் பார்க்க ஸ்மித்தை அழைத்துப் போனார். தீத்தப்பும் வழி என்று ஒரு தொழிற்சாலை காட்டிய சிறு துவாரத்தின் ஊடாக வாக்னரைத் தவழ்ந்து போகச் செய்தார். மறுபக்கம் பனி உறைந்த ஏணி ஒன்று, தரைக்குச் சில அடி மேலேயே முடிந்து நின்றது.

அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் கதவு பூட்டக்கூடாது, தீ ஒத்திகை நடத்த வேண்டும், உயர்ந்த கட்டடங்களில் தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும், குப்பை அகற்றப்பட வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன.

சொந்த வாழ்க்கை சுலபமாக இருக்கவில்லை. 1913இல் போல் வில்சனை மணந்தபோது தம் பெயரை மாற்ற மறுத்தார். ஒரு மகள் பிறந்தாள். கணவர் மனநோயால் அடிக்கடி மருத்துவமனையில் இருந்தார். குடும்பச் செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அதைப் பற்றி அவர் வெளியில் பேசியது குறைவு.

1919இல் ஆளுநர் ஸ்மித் அவரை மாநிலத் தொழில் ஆணைக்குழுவில் நியமித்தார். 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைத் தொழில் அமைச்சராக்கினார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 12 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இரண்டிலும் அவர் உழைப்பு பெரிது. மேற்கு வேர்ஜீனியாவில் சுரங்கவழி தோண்டியவர்கள் கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் செத்த செய்தி வெளிவந்தபின், அந்நோயைத் தடுப்பது பற்றி 1936இல் தேசிய மாநாடு கூட்டினார். நாஜி ஜேர்மனியில் இருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்குக் கதவு திறக்கவும் முயன்றார். அதற்காகவும் தொழிற்சங்கங்களை ஆதரித்ததற்காகவும் எதிரிகள் பெருகினார்கள். 1939இல் அவரைப் பதவி நீக்கவே தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது தோற்றது.

எங்கள் நகருக்கும் இக்கதையில் ஒரு பங்கு உண்டு. அவர் அமைச்சராக இருந்த காலத்தில், 1934இல், அமெரிக்கா சர்வதேசத் தொழில் அமைப்பில் சேர்ந்தது. போர் காரணமாக அந்த அமைப்பு 1940இல் ஜெனீவாவை விட்டு மொன்றியலுக்கு வந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்து பல ஆண்டுகள் இயங்கியது.

பதவி விலகிய பின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1965 மே 14ஆம் திகதி, 85 வயதில் காலமானார்.

ஆனால் கதவுகள் இன்னும் பூட்டப்படுகின்றன. 2012இல் கராச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன.

கியூபெக்கில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தை அது தோன்றும் இடத்திலேயே அகற்ற வேண்டும் என்கிறது. ஆபத்தென்று நியாயமாகக் கருதும் வேலையை மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. எம்மவரில் எத்தனை பேர் அந்த உரிமையைப் பயன்படுத்துகிறோம்? மொழி தெரியாத தயக்கமும் வேலை போய்விடும் என்ற பயமும் 1911இல் அந்தப் பெண்களுக்கும் இருந்தன. நாளை வேலைக்குப் போனதும் பின்பக்கக் கதவை ஒருமுறை பாருங்கள். அதற்கு முன்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தால், வாய் திறந்து சொல்லுங்கள்.