எண்ணெய்க் கப்பலின் முன்னோடி லுட்விக் நோபல்



நோபல் என்னும் பெயரைக் கேட்டதும், ஆண்டுதோறும் அறிஞர்களுக்கு வழங்கப்பெறும் பரிசே நம் நினைவுக்கு வரும். அப்பரிசை நிறுவியவர் அல்பிரட் நோபல். அவருடைய அண்ணன்மாருள் ஒருவர் லுட்விக் நோபல். எண்ணெயைக் கடல்வழியே பாதுகாப்பாக ஏற்றிச்செல்ல வழிகண்ட அவருடைய வாழ்வு நாம் அறியத்தக்கது.

லுட்விக் 1831ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிற் பிறந்தார். பொறியியலாளரான தந்தையார் இம்மானுவேல், ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் தொழிற்சாலை நடத்தினார். கிரைமியப் போர் முடிந்தபின் அது நொடித்துப்போகத் தந்தையார் தாயகம் திரும்பினார். லுட்விக் மனந்தளராது அங்கேயே தங்கி, 1862இற் சொந்தமாக இயந்திர ஆலை ஒன்றைத் தொடங்கினார்.

1873இல் மூத்த அண்ணன் றொபேட், துப்பாக்கிப் பிடிகளுக்கு ஏற்ற மரம் வாங்கக் காக்கேசியப் பகுதிக்குச் சென்றார். கஸ்பியன் கடலோரத்துப் பாகூ நகரின் எண்ணெய் வளத்தைக் கண்டு வியந்து, மரத்துக்கென வைத்திருந்த பணத்தில் சுத்திகரிப்பு ஆலை ஒன்றை வாங்கிவிட்டார்! லுட்விக்கும் அத்தொழிலில் இறங்கினார்.

அக்காலத்தில் எண்ணெய் மரப்பீப்பாய்களிலே கொண்டு செல்லப்பட்டது. பீப்பாய்கள் விலை மிகுந்தவை, பாரமானவை, ஒழுகுபவை. ஒழுகிய எண்ணெய் மண்ணையும் நீரையும் கெடுத்ததுடன் தீ விபத்துக்கும் வழிவகுத்தது. லுட்விக் 1878இல் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து ஆலைவரை இரும்புக் குழாய் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே, அவர் வடிவமைத்த 'சொரோஸ்ரர்' என்னும் கப்பலும் சுவீடனிற் கட்டப்பெற்றது.

உருக்கினாலான அக்கப்பல் 56 மீற்றர் நீளமுடையது. அது 242 தொன் மண்ணெண்ணெயை இரண்டு இரும்புத் தொட்டிகளில் ஏற்றிச் சென்றது. எண்ணெய் ஆவி இயந்திர அறையின் நெருப்பை அணுகாதிருத்தல் வேண்டும். வெப்பத்தால் எண்ணெய் விரிவடைய இடம் வேண்டும். ஆவி வெளியேற வழியும் வேண்டும். இவற்றையெல்லாம் லுட்விக் ஆராய்ந்து அமைத்தார். கப்பல் எளிதில் மூழ்காதிருக்க, நீர் புகாத 21 அறைகளும் அமைக்கப்பெற்றன.

ஆயினும் 1881இற் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. 'நோர்டென்ஸ்கியோல்ட்' என்னும் அவருடைய கப்பல் பாகூவில் மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தபோது, திடீரென வீசிய காற்றினாற் கப்பல் அசைந்து குழாய் விலகியது. சிந்திய எண்ணெய் விளக்கெரிந்த இயந்திர அறையினுட் பாய்ந்து வெடித்தது. மாலுமிகளிற் பாதிப்பேர் மாண்டனர். லுட்விக் அதனை விதியென்று விட்டுவிடவில்லை. கப்பல் அசைந்தாலும் விலகாது வளைந்துகொடுக்கும், ஒழுகாத ஏற்றுகுழாயை உருவாக்கினார்.

தம் கப்பலின் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை என்பது அவருடைய பெருந்தன்மையைக் காட்டும். பிறரும் அவ்வழியைப் பின்பற்றினர். தம் தொழிலாளரின் நலனிலும் அவர் அக்கறை காட்டினார். பாகூவின் வறண்ட நிலத்தில் அவர்கள் பொருட்டுக் குடியிருப்பும் சோலையும் அமைந்தன. எண்ணெய் கொண்டு சென்ற கப்பல்கள் திரும்பும்போது வோல்கா ஆற்றின் நன்னீரைச் சுமந்துவந்து அச்சோலையை வளர்த்தன.

லுட்விக் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் பிரான்சின் கான் நகரிற் காலமானார்.

அவருடைய முதற் கப்பலில் எண்ணெய்க்கும் கடலுக்கும் இடையே தொட்டியின் சுவரும் கப்பலின் சுவருமாக இரு சுவர்கள் இருந்தன. பிற்காலத்தார் அதிக எண்ணெய் ஏற்றும் பொருட்டுக் கப்பலின் ஒற்றைச் சுவரையே தொட்டிச் சுவராகவும் கொண்டனர். 1989இல் 'எக்ஸொன் வால்டீஸ்' என்னும் கப்பல் அலாஸ்காக் கரையோரப் பாறையில் மோதியபோது, ஏறத்தாழ 37,000 தொன் மசகு எண்ணெய் கடலிற் கொட்டியது. பறவைகளும் கடல்வாழ் உயிர்களும் பெருந்தொகையாக மடிந்தன. அதன்பின் 1992இற் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டுமென விதித்தது. காரணம் வேறாயினும், இரு சுவர் அமைப்பு மீண்டும் வந்தது.

மாணவர்களே! பொருளீட்டுதல் எளிது, உயிருக்கும் இயற்கைக்கும் ஊறு நேராது ஈட்டுதலே அரிது. ஒரு தவறு நேர்ந்தால் அதன் காரணத்தைத் தேடுங்கள். கண்ட தீர்வைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். லுட்விக் நோபலின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.