மலைக் கிராமத்து விமானச் சிற்பி

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாய மார்க்கமாக அளந்தால் சுமார் 200 கிலோமீட்டர் தூரமாகும். அத்தூரத்தை நான்கே நிமிஷங்களில் கடக்கவல்ல வேவு விமானங்கள் நமது விமானப் படையில் 1981 முதல் 2006 வரையில் ஊழியம் புரிந்தன. உலகம் அவற்றை மிக்-25 என்றது. நம் படையினர் கருடன் என்று பெயர் சூட்டினர். மிக் என்பது மிக்கோயான், குரேவிச் என்ற இரு விமானச் சிற்பிகளின் பெயர்களைச் சுருக்கி இணைத்த சொல். அவ்விருவருள் முதல்வரான ஆர்ட்டெம் மிக்கோயானுடைய சரித்திரத்தை நேயர்களுக்கு இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம். கல்வராயன் மலை மக்களின் நிலையை நினைக்குந்தோறும் அம்மனிதரின் இளமைப் பருவம் நம் நினைவுக்கு வருவதே அதற்குக் காரணம்.

1905-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆர்மீனியா தேசத்தின் ஸனாஹீன் என்னும் மலைக் கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் அருகிலிருந்த அலவெர்தி செம்பு உருக்காலையில் தச்சு வேலை செய்தவர். கனிப்பொருள் மலையில் கிடைக்க, லாபம் வேறெங்கோ போய்ச் சேர, கூலி மாத்திரம் கிராமத்தாருக்கு மிஞ்சிய காலம் அது. பாலகன் ஆர்ட்டெம் திப்லிஸ் நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு ரஸ்தோவ் பட்டினத்திலும், பிறகு மாஸ்கோவிலும் தொழிற்சாலைகளில் கடைசல் யந்திரத்தின் முன் நின்று உழைத்தார். சிப்பாயாகவும் சேவை செய்தார். 1931-ல் மாஸ்கோவிலுள்ள ஸூகோவ்ஸ்கி விமானப் படைக் கலாசாலையில் இடம் பெற்றார். உலோகத்தைக் கையால் கடைந்து பழகிய பிறகே காகிதத்தில் விமானம் வரையக் கற்றவர் அவர் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

அவருடைய வளர்ச்சியில் களங்கமே இல்லையென்று நாம் சாதிக்கப் போவதில்லை. தமையனார் அனஸ்தாஸ் மிக்கோயான் ஸோவியத் சர்க்காரில் மந்திரி பதவி வகித்தவர். அந்தச் செல்வாக்குத் தம்பிக்குத் துணை நின்றிருக்காது என்று நம்புவது கடினம். 1939-ல் பொலிகார்ப்போவ் என்னும் மூத்த சிற்பி ஜெர்மனிக்குச் சென்றிருந்த சமயம், அவருடைய கூடத்தில் உருவாகிவந்த புதிய சண்டை விமானத்தின் திட்டமும் சிறந்த உதவியாளர் பலரும் மிக்கோயானிடமும் குரேவிச்சிடமும் ஒப்புவிக்கப்பட்டனர். 1940 ஏப்ரலில் பறந்த மிக்-1 அவ்வாறு பிறந்ததே. சுதந்திரமற்ற ஆட்சியில் திறமைசாலிகளும் சதுரங்கக் காய்களைப் போல் நகர்த்தப்படுவர் என்பதற்கு இது சான்று. எனினும், கிடைத்த வாய்ப்பை முப்பது வருஷ உழைப்பால் நியாயப்படுத்திக் காட்டினார் மிக்கோயான். 1947-ல் மிக்-15 பறந்தது. பின்னர் வந்த மிக்-21, 1963-ல் நம் நாட்டை அடைந்து, நாசிக்கில் நம் தொழிலாளர் கைகளாலேயே கட்டப்படலாயிற்று.

இனி அவருடைய பெரும் படைப்புகளுள் ஒன்றைக் கவனிப்போம். 1960 மே முதல் தேதியன்று ருஷிய ஆகாயத்தில் வேவு பார்க்க வந்த அமெரிக்க யு-2 விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. உயரம் ஒன்றே காப்பாகாது, வேகமும் வேண்டும் என்பதை அது எல்லோருக்கும் உணர்த்திற்று. ஒலியைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர் வீதம் பறக்கும் விமானமே மிக்கோயான் கூடத்தின் இலக்காயிற்று.

அவ்வேகத்தில் முதற் பகை வெப்பம். காற்று அழுந்தி உராய்வதால் விமானத்தின் மூக்கு சுமார் 300 டிகிரி வரை காய்கிறது. வழக்கமாக விமானம் கட்டப் பயன்படும் அலுமினியக் கலவை அச்சூட்டில் வலுவிழந்துவிடும். அமெரிக்கர் டைட்டேனியத்தை நாடினர். அது இலேசானது, சூட்டைத் தாங்குவது, ஆனால் பற்றவைப்பதற்கு மிகவும் கடினமானது. மிக்கோயானோ உருக்கைத் தேர்ந்தார். விமானத்தின் உடலில் ஐந்தில் நான்கு பங்கு நிக்கல் கலந்த உருக்கே. கடைசல் பட்டறையில் வளர்ந்த மனிதருக்கு, சாதாரணத் தொழிலாளி எதைப் பற்றவைக்க முடியும், பழுதானால் எதைச் செப்பனிட முடியும் என்பது தெரிந்திருந்தது.

உருக்கு கனமானது, கனத்தைத் தூக்க வலிய எஞ்சின்கள் வேண்டும். துமான்ஸ்கி கூடத்தின் ஆர்-15 எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டன. இரு பக்கங்களிலும் பெட்டி போலமைந்த காற்று வாயில்களுள் அசையும் சாய்தளங்கள், உட்புகும் காற்றை அடக்கி எஞ்சினுக்கு அளந்து கொடுத்தன. உடலின் பெரும்பகுதி பற்றவைத்த எரிபொருள் தொட்டியாகவே அமைந்தது. 1964 மார்ச் 6-ந் தேதியன்று அலெக்ஸாண்டர் பெடோடோவ் முதன்முதலில் ஓட்டியது வேவு விமானமாகிய வகையையே. சண்டை விமான வகை ஆறு மாதம் பிந்திப் பறந்தது.

வேவு வேலை நடந்த விதம் இது: மூக்கின் அடிப்புறத்துக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னே காமிராக்கள் இருந்தன. விமானி விண்வெளி வீரரைப் போல் அழுத்த உடை தரித்து, சுமார் 70,000 அடிக்கு ஏறி, கோடு பிசகாமல் பறக்க வேண்டும். விமானத்தைத் திருப்புவதற்கே பல பத்துக் கிலோமீட்டர் இடம் தேவை. ஒலி ஒன்றுக்கு 2.83 மடங்குக்கு மேல் ஓட்டினால் எஞ்சின்கள் கெட்டுவிடும் என்பதால் அதுவே எல்லையாக விதிக்கப்பட்டது. 1971-ல் எகிப்திலிருந்து இவை ஸினாய் பாலைவனத்தின்மீது பறந்தபோது இஸ்ரேலின் பாண்டம் விமானங்கள் எட்டிப் பிடிக்க இயலவில்லை. நம் நாட்டில் பரேலியில் இருந்த 102-வது படைப்பிரிவு இவற்றைக் கையாண்டது. 1999-ம் வருஷத்துக் கார்கில் யுத்தத்திலும் இவை பயன்பட்டன.

1976 செப்டம்பரில் ருஷிய விமானி ஒருவர் மிக்-25 ஒன்றுடன் ஜப்பானுக்கு ஓடிவந்தார். அதைப் பிரித்துப் பார்த்த மேனாட்டு நிபுணர்கள், டைட்டேனியத்தை எதிர்பார்த்த இடத்தில் உருக்கையும், ராடாரில் பழைய வால்வுகளையும் கண்டு வியந்தனர்; சிலர் எள்ளினர். மறுவருஷமே அவ்வகை விமானம் ஒன்றைப் பெடோடோவ் 37,650 மீட்டர் உயரத்துக்கு ஓட்டிச் சாதனை படைத்தார். உள்ள பொருளைக் கொண்டு ஆகவேண்டிய காரியத்தை முடிப்பவனை எள்ளுவது எளிது. அவனை மிஞ்சுவது எளிதன்று.

இந்தப் பெருமைகளைக் காண மிக்கோயான் உயிருடன் இல்லை. 1969-ல் ஆகாயப் பாதுகாப்புப் படையின் விமானத் தளபதி, மிக்-25 ஒன்றைத் தாமே ஓட்டிச் சென்று விபத்தில் மாண்டார். அவ்வருஷத்திலேயே மிக்கோயானை இருதய நோய் பற்றிற்று. 1970 டிசம்பர் 9-ந் தேதி அவர் காலமானார். யுத்தக் கருவிகளைப் படைத்தவரைத் தெய்வமாக்குவது நம் நோக்கமன்று. காந்தியடிகளின் தேசத்தார் அதைச் செய்யவும் கூடாது. ஆயினும், மலைக் குடிசைக்கும் விஞ்ஞானத்தின் உச்சிக்கும் நடுவே ஒரு வழி உண்டென்று காட்டிய வாழ்க்கை அவருடையது.

அந்த வழியின் ஒரு முனை நம் மண்ணிலேயே இருந்தது என்பதைப் பலரும் அறியார். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில், முன்னோர் மண் மூசைகளில் உயர்ந்த உருக்கைக் காய்ச்சிய தடயங்களை ஆராய்ச்சியாளர் 1990-க்குப் பின் கண்டறிந்து வெளியிட்டனர். தென்னாட்டு உருக்கு கடல் கடந்து புகழ் பெற்றிருந்தது. அதன் இரகசியத்தை அறிய 1819 முதல் முயன்ற ஆங்கில விஞ்ஞானி பாரடே, இரும்புடன் நிக்கல் முதலிய உலோகங்களைக் கலந்து சோதித்தார். கலவை உருக்கைப் பற்றிய விஞ்ஞானத்துக்கு அச்சோதனைகள் முதற்படிகளாயின. நம் கொல்லன் மூட்டிய உலையின் வெளிச்சத்தில் பிறர் நெடுந்தூரம் நடந்துவிட்டார்கள். அவனுடைய சந்ததியார் எங்கே நிற்கிறார்கள்?

கல்வராயன் மலைக் கிராமங்கள் 1976 வரையில் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. தேசம் விடுதலை பெற்ற பின்னும் ஏறக்குறைய முப்பது வருஷம் அம்மலையாளிப் பழங்குடி மக்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே மலையின் சாலை, பள்ளி, வைத்திய வசதிகளின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிணங்கள் விழுந்த பிறகுதான் ஒரு மலை நம் கண்ணுக்குப் புலப்படுமென்றால், 70,000 அடி உயரத்திலிருந்து படம் பிடிக்கும் காமிராக்களை வைத்திருந்து நாம் கண்ட பலன் என்ன?

சாராய ஊறலைத் தேடி மலையேறும் போலீஸாரின் ஊக்கத்தில் பாதியாவது, மாணவனைத் தேடி மலையேறும் உபாத்தியாயர்களிடத்தும் அவர்களை அனுப்பும் சர்க்காரிடத்தும் காணப்பட வேண்டும். வெள்ளிமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள பையனும் பெண்ணும் நடந்து எட்டும் தூரத்தில் நல்ல பள்ளி வேண்டும்; அதை முடித்தவர்களுக்குக் கடைசல் யந்திரமும், பற்றவைப்புக் கருவியும், அவற்றை அறிந்த ஆசானும் உள்ள தொழிற்கூடம் வேண்டும். அங்கிருந்து பொறியியல் கலாசாலை வரை உதவிச் சம்பளமும் விடுதியும் தடையின்றித் தொடர வேண்டும். ஸனாஹீன் கிராமத்துத் தச்சர் மகனுக்குக் கிடைத்த ஏணி இதுவே. கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு மந்திரிப் பதவியிலிருக்கும் தமையன்மார் இல்லை. ஆகையால் அந்த ஸ்தானத்தில் சர்க்கார் நிற்பதே நியாயம் என்று நாம் வற்புறுத்துகிறோம்.